எண்ணெய்க் கம்பெனியின் லாபத்தில் ஏழை வீட்டின் மின்கட்டணம்: பிரிட்டன் செய்து பார்த்தது என்ன?

மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் விலை ஏறும்போது பணம் இரண்டு இடங்களில் குவிகிறது. ஒன்று, எரிபொருளைத் தோண்டி எடுக்கும் கம்பெனி. மற்றொன்று, அதன் மீது வரி போடும் அரசு. காலியாவது மட்டும் ஒரே இடம், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரின் பை. குவிந்த இடத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக் காலியான இடத்தில் போட்டால் என்ன என்ற கேள்வி யாருக்கும் எழக்கூடியதுதான். கேட்பது சுலபம். செய்து பார்த்தால்தான் அதில் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்று தெரியும்.

2022-ல் பிரிட்டன் அரசு அதைச் செய்து பார்த்தது. நம் ஊர்களிலிருந்து போய் அங்கே குடும்பத்தோடு வாழ்பவர்கள் பலர் உண்டு. அந்த ஆண்டில் அவர்கள் போனில் பேசும்போதெல்லாம் வேலையை விட, பிள்ளைகளின் படிப்பை விட, ஹீட்டர் போடும் செலவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவும், கனடாவிலும் ஈரானிலும் நடந்ததைச் சுருக்கமாகவும் இங்கே பார்ப்போம்.

விலை வரம்பு என்ற ஒன்று

பிரிட்டனில் மின்சாரமும் எரிவாயுவும் விற்பவை தனியார் கம்பெனிகள். அவற்றைக் கண்காணிக்கும் ஆணையத்தின் பெயர் ஆஃப்ஜெம். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019 ஜனவரி முதல் அது ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சராசரியாகச் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு அந்த வரம்பை ஒரே தொகையாகச் சொல்வது வழக்கம். இதனால் பலர் குழம்பிப் போகிறார்கள். வரம்பு 2,500 பவுண்ட் என்றால் யாருக்கும் அதற்கு மேல் பில் வராது என்று பொருளல்ல. விலைக்குத்தான் வரம்பு, பயன்பாட்டுக்கு இல்லை. கூட்டுக்குடும்பமாக ஏழெட்டுப் பேர் வாழும் வீட்டில் பில் அதைத் தாண்டிப் போகத்தான் செய்யும்.

2021 அக்டோபரில் இந்தத் தொகை 1,277 பவுண்ட். 2022 ஏப்ரலில் 1,971. அதே ஆண்டு அக்டோபரில் 3,549 ஆகும் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! கொரோனா முடக்கம் தளர்ந்ததும் உலகெங்கும் எரிவாயுவின் தேவை கூடியது முதல் காரணம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது இரண்டாவது காரணம். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் எரிவாயுவில்தான் சூடாகின்றன. மின்சாரத்திலும் ஒரு பெரும் பங்கு எரிவாயுவை எரித்தே தயாராகிறது. ஆகவே ஒரே அடி இரண்டு பில்களிலும் விழுந்தது.

இன்னொரு பக்கம் பார்ப்போம். வடகடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பெனிகளுக்குத் தோண்டும் செலவு கூடவில்லை. விற்கும் விலை மட்டும் கூடியது. ஷெல் நிறுவனம் 2022-ம் ஆண்டு முழுவதற்குமாகக் காட்டிய லாபம் 3,990 கோடி டாலர். பிபி நிறுவனத்துக்கு 2,770 கோடி டாலர். இது அவற்றின் உலகளாவிய லாபம். பிரிட்டன் அரசால் வரி போட முடிந்தது பிரிட்டனின் கடல் பகுதியில் எடுத்ததற்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசியவர்கள் அன்று அதிகம். 'இவ்வளவு லாபத்தில் இவ்வளவுதானா வரி?' என்ற கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

வரி வந்த கதை

உழைப்போ முதலீடோ கூடாமல், சூழ்நிலையால் வந்து விழும் லாபத்தின் மீது போடும் வரி அங்கே புதிதல்ல. தனியார்மயமான மின்சார, குடிநீர், தொலைபேசிக் கம்பெனிகள் மீது 1997-ல் ஒரு முறை இப்படி வரி போட்டு 520 கோடி பவுண்ட் எடுத்தார்கள். அதைக் கொண்டு வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம் நடத்தினார்கள். 2022 ஜனவரியிலேயே எதிர்க்கட்சியான தொழிற்கட்சி இதே போன்ற வரியைக் கேட்டது. முதலீடு போய்விடும் என்று ஆளுங்கட்சி மறுத்தது.

பிப்ரவரியில் நிதியமைச்சர் ரிஷி சுனக் வேறொரு வழி சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் 200 பவுண்ட் கழிவு. ஆனால் அடுத்த ஆண்டு முதல் ஆண்டுக்கு 40 பவுண்டாக ஐந்து ஆண்டுகளில் அதைத் திருப்பிப் பிடித்துக்கொள்வோம் என்றார். அதாவது, கேட்காமலே தலையில் கட்டிய கடன். கடன் என்றாலே அஞ்சும் குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மூன்றரை மாதம் கழித்து, மே 26 அன்று, அவரே அதை மாற்றினார். 200 என்பது 400 ஆனது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்றானது. அரசின் வருமான உதவித் திட்டங்களில் இருந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தனியாக 650 பவுண்ட், முதியோருக்கு 300, உடல் ஊனமுற்றோருக்கான உதவித்தொகை பெறுவோருக்கு 150. மொத்தம் 1,500 கோடி பவுண்ட்.

அதே நாளில், அதே உரையில் வந்ததுதான் எரிசக்தி லாப வரி. வடகடல் கம்பெனிகள் ஏற்கெனவே 40 சதவீதம் கட்டி வந்தன. அதன் மேல் இன்னும் 25. முதல் 12 மாதங்களில் சுமார் 500 கோடி பவுண்ட் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுப்பது 1,500 கோடி, வரியில் எதிர்பார்த்தது 500 கோடி. 'எண்ணெய்க் கம்பெனியிடம் வாங்கி மக்களுக்குக் கொடுத்தார்கள்' என்பது மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. மீதி கடனும் பொது வரியும். மேலும், அந்த 500 கோடிக்கென்று தனிப் பெட்டி ஒன்றும் கிடையாது. பிரிட்டனில் ஏறக்குறைய எல்லா வரியும் ஒரே கருவூலத்தில் விழுந்து கலந்துவிடும். ஒரே உரையில் வரியையும் உதவியையும் சேர்த்துச் சொன்னதுதான் இரண்டுக்கும் இருந்த கட்டு. சட்டத்தில் அப்படி ஒரு கட்டு இல்லை. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அந்த வரியில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு முதலீடு செய்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் சுமார் 91 பென்ஸ் வரிச் சலுகை. முதலீடு போய்விடும் என்ற பயத்துக்குக் கொடுத்த விலை அது. அந்தச் சலுகையால், வரி வந்து ஐந்து மாதம் ஆகியும் தாங்கள் அதில் எதுவும் கட்டவில்லை என்று 2022 அக்டோபரில் ஷெல் நிறுவனமே சொன்னது. சட்டத்தை மீறி அல்ல, சட்டத்தின்படியே. வலது கையால் வாங்கி இடது கையால் கொடுக்கும் வரியை மக்கள் நம்புவது கடினம் என்பது நம் கருத்து.

400 பவுண்ட் போய்ச் சேர்ந்த விதம்

நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. பணம் ஒதுக்குவது ஒன்று, அது போய்ச் சேருவது வேறு.

400 பவுண்டை ஒரே தடவையில் தரவில்லை. அக்டோபர், நவம்பரில் மாதம் 66, டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் 67 என்று ஆறு தவணை. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பில் தானாகக் கழியும் ஏற்பாடு வைத்திருந்தவர்களுக்கு இது ஒரு வேலையுமில்லாமல் நடந்தது. கணக்கில் சேர்ந்தது, அல்லது பில்லில் குறைந்தது. பலர் கவனிக்கக்கூட இல்லை.

ஆனால் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் இருப்பது ப்ரீபெய்டு மீட்டர். நாம் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வது போல, கடைக்குப் போய்ப் பணம் போட்டால்தான் விளக்கு எரியும். இந்த மீட்டர் பெரும்பாலும் யார் வீட்டில் இருக்கும்? முன்பு பில் கட்ட முடியாமல் பாக்கி விழுந்தவர்கள், வாடகை வீட்டில் முந்தைய குடியிருப்பவர் விட்டுப்போன மீட்டரோடு வாழ்பவர்கள், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். வசதி குறைந்தவர்களே அதிகம். பழைய மாதிரி ப்ரீபெய்டு மீட்டர் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு வவுச்சர் வந்தது, தபாலிலோ இமெயிலிலோ குறுஞ்செய்தியிலோ. அதை எடுத்துக்கொண்டு, அடையாளச் சான்றோடு தபால் நிலையத்துக்கோ ரீசார்ஜ் கடைக்கோ போக வேண்டும்.

வவுச்சர் பழைய முகவரிக்குப் போனது. மோசடிக் குறுஞ்செய்தி என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை விளம்பரம் என்று ஓரமாக வைத்தவர்கள் உண்டு. மாற்றாமல் கிடந்த வவுச்சர்களுக்காகக் கடைசித் தேதியை 2023 ஜூன் 30 என்று அறிவித்து, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அரசு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. யாருக்குப் பணம் மிக அவசியமோ அவர்களுக்கு நடையும் காத்திருப்பும். யாருக்கு அவ்வளவு அவசியமில்லையோ அவர்களுக்கு வீட்டு வாசலில். இரண்டு வீடு வைத்திருந்தவர்களுக்கு இரண்டு 400 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கேட்டபோது, வசதியுள்ளவர்கள் தருமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் சுனக்கிடமிருந்து வந்த பதில்.

ப்ரீபெய்டு மீட்டரில் இன்னொரு கொடுமை. பில் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்கக் கம்பெனிக்குப் பல கட்டுப்பாடுகள் உண்டு. ப்ரீபெய்டு மீட்டரில் துண்டிக்க யாரும் வர வேண்டியதில்லை. காசு தீர்ந்தால் வீடு தானே இருண்டுவிடும். 'தானாகத் துண்டித்துக்கொண்டார்' என்று அதற்கு அழகாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பாக்கிக்காரர்களின் வீட்டுக்குள் நீதிமன்ற ஆணையோடு நுழைந்து கட்டாயமாக இந்த மீட்டரைப் பொருத்தும் வழக்கம் 2023 பிப்ரவரியில் பத்திரிகையில் அம்பலமாகி, ஆஃப்ஜெம் அதை நிறுத்தி வைத்தது. அதுவரை, ப்ரீபெய்டு மீட்டர்காரர்கள் மற்றவர்களை விடக் கூடுதல் விலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அநியாயம் நீங்கியது 2023 ஜூலையில்தான். கடைசித் தவணையான 67 பவுண்ட் மார்ச்சில் வந்தது. அந்த ஆண்டு ரமலான் மார்ச் 23-ல் தொடங்கியது. சஹருக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கும் வீடுகளில் அந்த 67 பவுண்டின் அருமை தெரிந்திருக்கும்.

வட அயர்லாந்தில் கதை வேறு. அங்கே பல வீடுகள் எரிவாயுவில் அல்ல, தொட்டியில் நிரப்பும் எண்ணெயில் சூடாகின்றன. விலை வரம்பு அதைத் தொடாது. அதனால் அங்கே 400-உடன் 200 சேர்த்து 600 பவுண்டாக 2023 ஜனவரி முதல் கொடுத்தார்கள். ஒரே நாட்டுக்குள்ளும் ஒரே அச்சு பொருந்தாது.

பணமா, விலைக் குறைப்பா?

2022 செப்டம்பரில் லிஸ் ட்ரஸ் பிரதமரானார். புதிய லாப வரிகளுக்கு அவர் எதிரி. ஆனால் 3,549 பவுண்டில் மக்களை விட முடியாது. ஆகவே சராசரி வீட்டுக்கு 2,500 என்று யூனிட் விலையை நிறுத்தி, வித்தியாசத்தை அரசே கம்பெனிகளுக்குக் கொடுக்கும் என்றார், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு. பணம் எங்கிருந்து? கடனிலிருந்து. அடுத்த மாதமே புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அந்த இரண்டு ஆண்டை ஆறு மாதமாகச் சுருக்கினார். பிறகு 2023 ஜூன் வரை நீட்டினார். 2023 ஜனவரியில் உண்மையான வரம்பு 4,279 பவுண்ட் வரை போனது என்பதால், அந்த உதவி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஆனாலும் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். விலையைக் குறைத்தால் அதிகம் எரிப்பவருக்கு அதிக உதவி. நீச்சல் குளத்தைச் சூடாக்கும் மாளிகைக்கு, இரண்டு அறை வீட்டை விடப் பல மடங்கு சலுகை போகும். கையில் பணமாகக் கொடுத்தால் இருவருக்கும் ஒரே தொகை. ஏழைக்குக் கூடுதலாகவும் கொடுக்கலாம். மிச்சம் பிடித்தால் மிச்சம் அவருக்கே. ஆனால் பணமாகக் கொடுப்பதிலும் குறை உண்டு. ஒன்பது பேர் வாழும் வீட்டுக்கும் தனியாள் வீட்டுக்கும் அதே 400. பெரிய குடும்பங்களுக்கு அது நியாயமாக அமையவில்லை. தலைக்கு இவ்வளவு என்று வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

இதற்கிடையே யாரும் அதிகம் பேசாத ஒரு வரி. வீட்டு மின்சாரம், எரிவாயு மீது பிரிட்டனில் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. சதவீதம் மாறாவிட்டாலும், பில் ஏறினால் வரியும் ஏறும். 1,277 பவுண்ட் பில்லில் அரசுக்குப் போனது சுமார் 61 பவுண்ட். 2,500-ல் சுமார் 119. அதாவது வீட்டுக்கு வந்த முதல் தவணையான 66 பவுண்டில் பெரும்பகுதி, அந்த வீட்டின் பில்லிலிருந்தே அரசுக்குக் கூடுதலாகப் போன பணத்துக்கு ஈடு.

வரி மட்டும் தங்கியது

2022 நவம்பரில் ஹன்ட் 25-ஐ 35 சதவீதமாக்கி, 2028 மார்ச் வரை நீட்டினார். மின்சாரம் தயாரிப்பவர்கள் மீதும் 45 சதவீதத்தில் ஒரு புது வரி வந்தது, ஒரு மெகாவாட் மணிக்கு 75 பவுண்டுக்கு மேல் கிடைக்கும் வருவாய்க்கு. காற்றாலைக்கும் அணுமின் நிலையத்துக்கும் எரிவாயு தேவையில்லையே, அவர்களுக்கு ஏன் லாபம் என்று கேட்கலாம். மின்சாரச் சந்தையில் அந்த நேரத்துத் தேவையை நிரப்பக் கடைசியாக ஓடும் நிலையம் என்ன விலை கேட்கிறதோ அதுவே எல்லாருக்கும் விலை. பெரும்பாலும் கடைசியாக ஓடுவது எரிவாயு நிலையம். எனவே காற்றில் சுற்றிய விசிறிக்கும் எரிவாயு விலை கிடைத்தது.

2024 நவம்பர் முதல் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எண்ணெய்க் கம்பெனி வரியை 38 சதவீதமாக்கினார். பழைய 40-உடன் சேர்ந்து மொத்தம் 78. முடிவுத் தேதி 2030 மார்ச். முதலீட்டுச் சலுகையின் முக்கியப் பகுதியும் நீங்கியது. ஆனால் கவனியுங்கள்: எல்லா வீட்டுக்கும் கொடுத்த 400 பவுண்ட் 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. வரி வளர்ந்தது, உதவி நின்றது. 2024 ஜூலையில் அதே ரீவ்ஸ் பெரும்பாலான முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவியை நிறுத்தினார். எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டு ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு உட்பட்டோருக்குத் திரும்பக் கொடுத்தார். வரிக்கும் உதவிக்கும் சட்டக் கட்டு இல்லை என்று மேலே சொன்னோமே, அதன் விளைவு இதுதான்.

கட்டு வைத்தவர்களின் அனுபவம்

கனடா சட்டத்திலேயே கட்டு வைத்தது. 2019 ஏப்ரல் முதல் ஒன்டாரியோ உள்ளிட்ட சில மாகாணங்களில் எரிபொருள் மீது கார்பன் வரி, ஒரு டன்னுக்கு 20 டாலரில் தொடங்கி 2024-ல் 80 டாலர் வரை. வந்ததில் சுமார் 90 சதவீதம் மக்களுக்கே திரும்பியது. 2024-25-ல் ஒன்டாரியோவில் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கியில். டொரன்டோவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் வந்தது. விந்தை என்னவென்றால், அது என்ன பணம் என்றே பலருக்குத் தெரியவில்லை. பெட்ரோல் போடும்போது வரி கண்ணில் பட்டது. வங்கியில் விழுந்த பணம் படவில்லை. 2024-ல் பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அரசியலில் வரிதான் பேசுபொருளானது. 2025 ஏப்ரல் 1 முதல் பிரதமர் மார்க் கார்னி அந்த வரியையே நீக்கினார். கடைசித் தொகை அந்த மாதமே வந்து முடிந்தது.

ஈரானில் 2010 டிசம்பரில் பெட்ரோல், எரிவாயு, மின்சாரம், ரொட்டி ஆகியவற்றின் மானியத்தைக் குறைத்து விலையை ஏற்றினார்கள். ஈடாக ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 4,55,000 ரியால். விலை ஏறும் முன்பே பணத்தைக் குடும்பத் தலைவரின் கணக்கில் போட்டு, ஏறும் நாள் வரை எடுக்க முடியாமல் வைத்தது கெட்டிக்காரத்தனம். மக்கள் முதலில் பணத்தைப் பார்த்தார்கள், பிறகு விலையை. ஆனால் அந்தத் தொகை ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. தொடக்கத்தில் ஏழைக் குடும்பத்தின் செலவில் கணிசமான பங்கைத் தாங்கிய பணம், போகப் போகக் கைச்செலவாகக் கரைந்தது.

இந்தியாவில் இதன் சாயல் ஒரே ஒரு நாளில் தெரிந்தது. 2022 மே 21 அன்று பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரியை 8 ரூபாயும் டீசல் மீது 6 ரூபாயும் குறைத்த அதே அறிவிப்பில், உஜ்வலா திட்டக் குடும்பங்களுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அது 300 ஆனது. வரிப் பணத்தோடு இதைக் கட்டும் சட்டம் இங்கும் இல்லை.

பிரிட்டனில் உறவினர் உள்ளவர்களுக்கு

இப்போது அங்கே நடைமுறையில் உள்ளது 'வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட்' என்ற 150 பவுண்ட் கழிவு. 2011 முதல் இருக்கிறது. இதற்கான பணம் எண்ணெய்க் கம்பெனி வரியிலிருந்து வருவதில்லை. எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் சிறு தொகை சேர்த்து எடுக்கப்படுகிறது. 2025-26 குளிர்காலம் முதல், வருமானத்தைப் பொறுத்துத் தரப்படும் அரசு உதவிகளைப் பெறும் எல்லா வீடுகளுக்கும் இதை விரிவாக்கியுள்ளார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில், பில்லோடு சேர்ந்து வந்த சில சுமைகளை பில்லிலிருந்து எடுத்து, சராசரி வீட்டுக்கு 2026 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு சுமார் 150 பவுண்ட் குறையும் என்றும் அறிவித்தார்கள்.

வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. உதவித்தொகை பெறுபவரின் பெயரோ அவரது வாழ்க்கைத் துணையின் பெயரோ மின்சார பில்லில் இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் பில் தந்தையின் பெயரிலோ, மூத்த சகோதரரின் பெயரிலோ, சில வேளை வீட்டுக்காரரின் பெயரிலோ இருப்பதும், உதவித்தொகை இன்னொருவர் பெயரில் வருவதும் சாதாரணம். அப்படியிருந்தால் 150 பவுண்ட் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. குளிர்காலம் தொடங்கும் முன் மின்சாரக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.